அரை மணி நேரப் பயிற்சி

வணக்கம் நேயர்களே. சிலம்பத்துக்கோ கராத்தேக்கோ பிள்ளையை அனுப்பும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஆசான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கலாமா?" என்பதுதான். இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். கம்பைத் தொடவிடாமல் நாள்கணக்கில் காலடி மட்டும் போட வைக்கிற ஆசானை நான் குறை சொல்லமாட்டேன். கால் நிற்காதவனிடம் கம்பைக் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவன் மண்டைதான் உடையும்.

கொடுமை என்பது வேறு. 2007 ஜூன் மாதம் ஜப்பானில் ஒரு சுமோ மல்யுத்தப் பயிற்சிக் கூடத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் ஓடிப்போகப் பார்த்தான். குருவே அவனைப் பீர் பாட்டிலால் அடித்தார். மூத்த மாணவர்களும் சேர்ந்து அடித்தார்கள். மறுநாள் காலை அவனைப் பயிற்சியில் இறக்கினார்கள். அந்தப் பயிற்சியில் மூத்தவர் மார்பைக் காட்டி நிற்பார். இளையவர் மோதித் தள்ள வேண்டும். உருட்டிவிட்டால் எழுந்து வந்து மறுபடி மோத வேண்டும். சுமோவில் இது அன்றாடம் நடப்பதுதான். உடம்பை அவ்வளவு வாட்டுவதால் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். அந்தப் பையனை ஏறத்தாழ அரை மணி நேரம் விடவில்லை. அன்றே இறந்துபோனான். நோயால் வந்த சாவு என்றுதான் முதலில் சொன்னார்கள். காயங்களைக் கண்ட பெற்றோர் பிரேதப் பரிசோதனை கேட்டார்கள், உண்மை வெளிவந்தது. 2009இல் குருவுக்குச் சிறைத் தண்டனை விதித்தது நீதிமன்றம்.

பயிற்சி அதேதான், பாருங்கள். ஆனால் அன்று அது பையனைப் பழக்குவதற்காக நடக்கவில்லை, ஓடப்பார்த்ததற்குத் தண்டனையாக நடந்தது. போதும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை.

அடித்து வளர்த்தால்தான் பதக்கம் வரும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானின் தேசிய ஜூடோ வீராங்கனைகள் 15 பேர், பயிற்சியாளர்கள் தங்களை அறைந்ததாகவும் மூங்கில் வாளால் அடித்ததாகவும் புகார் கொடுத்தார்கள். 2013இல் தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். அந்த அடிகள் விழுந்த காலத்தில் நடந்த 2012 லண்டன் ஒலிம்பிக்கில், ஜூடோ பிறந்த நாட்டுக்கு ஆண், பெண் இரு பிரிவிலும் சேர்த்துக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம்.

ஆகவே பெற்றோரே, ஒருநாள் சொல்லாமல் போய்க் களத்து ஓரமாக உட்காருங்கள். மூச்சு வாங்குகிற பிள்ளை கையைத் தூக்கினால் ஆசான் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். பெரிய பிள்ளைகளிடம் சின்னவர்களை விட்டுவிட்டு அவர் வெளியே போகிறாரா என்றும் பாருங்கள். உங்களை உள்ளே விட மறுத்தால், அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.