கட்டையின் கனம்

நேயர்களுக்கு வணக்கம். மேற்கத்தியச் செவ்வியல் பியானோவைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் ஒரு பிள்ளைக்கு நம் நெல்லைச் சீமை எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்று பேசுவதற்காக நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள்.

தருவது சிறிதன்று. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் ஞாயிறு ஆராதனையில் பாமாலை எனும் கிறிஸ்தவத் துதிப்பாடல்களுக்கு இசைக்கருவி வாசிக்கும் பள்ளிப் பிள்ளைகளைக் காணலாம். பாடுகிறவருக்குக் குரல் எட்டவில்லையென்றால் சுருதியை இறக்கிக் கொடுக்கவும், சபையார் இழுத்துப் பாடினால் கூடவே போகவும் அவர்கள் தாமாகவே பழகிவிடுகிறார்கள்.

ஆனால் அவர்கள் கை பழகுவது பெரும்பாலும் மின் கீபோர்டில். பியானோவில் 88 கட்டைகள் இருப்பதைவிட, அக்கட்டைகளுக்குக் கனம் இருப்பதே முக்கியமான வேறுபாடு. கட்டையை அழுத்தும்போது அழுத்திய கம்பளி போர்த்திய மரச்சுத்தி ஒன்று எழும்புகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தன் வேகத்திலேயே பறந்து சென்று அடிக்கிறது. ஆகவே ஓசையின் வன்மை, மென்மை எல்லாம் அந்த ஒரு கணத்து வேகத்தில் அடங்கியிருக்கின்றன. நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: தட்டிய பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கல் கூடுதலாக ஒலிப்பதில்லை. இந்த உணர்வு விரலுக்கு வருவதற்கு உண்மையான பியானோ வேண்டும். கிடைக்காதவர்கள், கனமுள்ள கட்டைகளோடு வரும் டிஜிட்டல் பியானோவையாவது தேட வேண்டும்.

விரலுக்கு அடுத்தது காது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தம் மாணவர்களுக்காகத் தொகுத்து 1723இல் செப்பமாக எழுதி முடித்த, இன்வென்ஷன் எனப்படும் 15 சிறு பயிற்சிப் படைப்புகளில், வலக்கையும் இடக்கையும் இரண்டு பாடகர்களைப் போலச் சமமாகப் பாடுகின்றன. வலக்கையில் மெட்டு, இடக்கையில் கார்டு எனும் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு என்று வளர்ந்த நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். எந்த அவசரமும் இல்லாமல் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாயால் பாடிவிட்டு வாசிக்கச் சொல்வதே நல்ல ஆசிரியரின் வழி.

தேர்வுகளைப் பற்றி ஒரு சொல். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டு கிரேடுகள் ஒழுங்கைத் தருகின்றன, மறுப்பதற்கில்லை. எனினும் ஆண்டு முழுவதும் தேர்வுக்குரிய சில பாடல்களை மட்டுமே வாசித்து எட்டாம் கிரேடு முடித்த பிள்ளை, புதிய இசைத்தாளொன்றை முன்னே வைத்தால் திகைத்து நிற்பதையும் பார்க்கிறோம்.

தொழில் என்றதும் பெற்றோர் போட்டிகளையே நினைக்கிறார்கள். போலந்தின் வார்சாவில் 1927இல் தொடங்கிய, இசையமைப்பாளர் ஷோபன் பெயரிலான பியானோ போட்டி ஐந்தாண்டுக்கொருமுறை நடைபெறுவது. 2022இல் அமெரிக்காவின் வான் கிளைபர்ன் பியானோ போட்டியில் வென்ற கொரிய இளைஞர் யுன்சான் லிம்முக்கு அப்போது வயது 18. அவ்வளவு உயரம் எட்டுவோர் மிகச் சிலர். பெரும்பாலான இளம் பியானோ கலைஞர்கள் முதல் சில ஆண்டுகளில் பாடகர்களுக்கும் வயலின் கலைஞர்களுக்கும் உடன் வாசித்தும், மாணவர்களுக்குக் கற்பித்துமே வாழ்கிறார்கள். அந்த வேலைக்குத் தேவையான, பிறர் மூச்சுவிடும் இடம் அறிந்து வாசிக்கும் பழக்கத்தைத்தான் நம் பிள்ளைகள் ஆலயத்திலேயே பெற்றுவிடுகிறார்கள். அதைத் தாழ்வாக எண்ணி விட்டுவிடச் சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் இங்கே செல்லாது. வெளிநாட்டு இசைக் கல்லூரிகள் நுழைவுக்குப் பொதுவாகப் பாக்கின் படைப்பொன்று, பல பகுதிகள் கொண்ட செவ்வியல் கால சொனாட்டா ஒன்று, விரல் தேர்ச்சியைக் காட்டும் எட்யூட் ஒன்று என்று கேட்கின்றன. இவற்றை மேடைக்கேற்றவாறு பக்குவப்படுத்த ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒன்பதாம் வகுப்பிலேனும் அந்த உழைப்பைத் தொடங்கிவிட வேண்டும்.