காணி யாருடையது, வேளாண்மை செய்வது யார்? படிவத்தில் முதலில் வர வேண்டிய கேள்வி

(மட்டக்களப்பில் கமநல உத்தியோகத்தர்கள், புள்ளிவிபர உத்தியோகத்தர்கள், கமக்காரர் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நேரே விஷயத்துக்கு வருகிறேன், பின்னேரம் வயலுக்குப் போக வேண்டிய ஆட்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள்.

ஒரு போகத்துக்குள் ஒரு கமக்காரர் தன் கணக்கை எத்தனை பேருக்குச் சொல்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பசளை மானியத்துக்குக் கமநல சேவை நிலையத்தில் ஒரு படிவம், வெள்ளம் வந்தால் இழப்பீட்டுக்கு இன்னொன்று, காப்புறுதிக்கு ஒன்று, கிராம உத்தியோகத்தர் கேட்பது ஒன்று, இடையில் ஏதாவது நிறுவனத்தின் ஆட்கள் டெப்லெட்டோடு வந்து ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்துக் கேட்பது வேறு. எல்லாரும் கேட்பது அதே ஏக்கர், அதே மூடை. இவ்வளவு கேட்ட பிறகும் ஒரு முடிவு எடுக்க வேண்டிய நாளில் தேவையான அந்த ஒரு எண் மட்டும் யாரிடமும் இருக்காது. அதனால்தான் நான் சொல்கிறேன், நாம் போதியளவு கேட்கவில்லை என்பது பிரச்சினையே இல்லை. தெரிந்தெடுத்துக் கேட்கவில்லை, அதுதான் பிரச்சினை.

உலக மட்டத்திலும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். 2010இல் ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழு, விவசாய, கிராமியப் புள்ளிவிபரங்களை மேம்படுத்த ஒரு உலகளாவிய மூலோபாயத்தை ஏற்றுக்கொண்டது. அதில் முதலாவது, ஒவ்வொரு நாடும் விடாமல் திரட்ட வேண்டிய குறைந்தபட்ச அடிப்படைத் தரவு எது என்று தீர்மானிப்பது. அந்தப் பட்டியலை நாடுகள் தங்கள் நிலைமைக்கு ஏற்றபடி கூட்டலாம், குறைக்கலாம். உணவு விவசாய அமைப்பு 2010ஆம் ஆண்டுச் சுற்று விவசாயத் தொகைமதிப்புக்கு வகுத்த வழிகாட்டலில், எல்லாரிடமும் கேட்க வேண்டிய விடயங்கள் வெறும் 16தான். மிச்சத்தை மாதிரி ஆய்வில் சிலரிடம் கேட்டால் போதும் என்றார்கள். அந்த 16க்குள் என்ன இருக்கிறது தெரியுமா? எவ்வளவு காணி, அதை எந்த உரிமையில் வைத்திருக்கிறார், நீர்ப்பாசனம் உண்டா, என்ன பயிர், எத்தனை மாடு ஆடு, அப்புறம் பண்ணையை நடத்துகிறவர் ஆணா பெண்ணா, என்ன வயது. விளைச்சல் அதில் இல்லை. ஏனென்றால் விளைச்சல் போகத்துக்குப் போகம் மாறும், அதைத் தொகைமதிப்பில் கேட்டுப் பிரயோசனமில்லை, ஒவ்வொரு போகமும் அளக்க வேண்டும்.

எது அடிப்படை, எது இல்லை என்று பிரிக்க நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். இந்த எண் கூடினால் அல்லது குறைந்தால் யார், எந்த நாளில், எந்த முடிவை மாற்றுவார்? பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடலாம்.

இந்தக் கரையில் அந்தச் சோதனையில் முதலாவதாகத் தேறுகிற கேள்வி, காணி யாருடையது, வேளாண்மை செய்வது யார் என்பது. ஒரு கேள்வி மாதிரித் தெரியும், உண்மையில் மூன்று. காணி உறுதி யாருடைய பெயரில்? இந்தப் போகம் என்ன நெல் விதைப்பது, எப்போது விற்பது என்று தீர்மானிக்கிறவர் யார்? வயலுக்குள் இறங்கி வேலை செய்கிறவர் யார்? போடியார், அதாவது வயலின் சொந்தக்காரர், கல்முனையிலோ மட்டக்களப்பு ரவுணிலோ இருப்பார், வயல் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும், வெள்ளாவெளியிலோ வவுணதீவிலோ ஒருவர் அதைப் போகக் குத்தகைக்கு எடுத்துச் செய்வார், களை பிடுங்குவது இன்னொரு குடும்பம். இந்த மூன்று பேரையும் ஒரு கட்டத்துக்குள் "விவசாயியின் பெயர்" என்று எழுதிவிட்டால், வெள்ளத்தில் பயிர் போனால் நட்டம் யாருக்கு என்பது அந்தக் கட்டத்திலேயே தொலைந்துவிடும்.

இதில் காசும் இருக்கிறது. 2024/25 பெரும்போகத்துக்கு நெற்செய்கைப் பசளை மானியம் ஹெக்டெயருக்கு 25,000 ரூபாய், ஆகக் கூடியது இரண்டு ஹெக்டெயர் வரை. அது வங்கிக் கணக்குக்குப் போகிறது. யாருடைய கணக்கு? பதிவில் இருப்பவரின் கணக்கு. குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு, ஒரு போகத்துக்கு மட்டும், எழுத்தில் ஒன்றும் இருக்காது. காணிக்காரர் குத்தகைக்காரரின் பெயரைப் பதிய விரும்பாததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்கு உரிமை கொடுத்தது, அந்த உரிமைக்குப் பயந்து நாட்டின் பல இடங்களில் காணிக்காரர்கள் அவர்களை வெளியேற்றவும் செய்தார்கள், பதிவில் வராமல் பார்த்துக்கொள்ளவும் செய்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அதனால் கமநலப் பதிவேட்டை மட்டும் வைத்துக் குத்தகையைக் கணக்கெடுக்க முடியாது. அதில் எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் சட்டத்தில் ஒரு விளைவு இருக்கிறது, ஆட்கள் அதை அறிந்துதான் பதில் சொல்வார்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வு வேறு. அங்கே கொடுத்த தகவலைத் தனிநபர் பெயரோடு வெளியிட முடியாது, சட்டமே அதைப் பாதுகாக்கிறது. அதே கேள்வியை இரண்டு இடத்திலும் கேளுங்கள். இரண்டு பதிலுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, மானியம் கிடைக்காமல் வேளாண்மை செய்கிறவர்கள் எவ்வளவு பேர் என்பதை அதிலிருந்துதான் ஊகிக்க முடியும்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். தமிழர் என்ன முஸ்லிம் என்ன, வீடும் வயலும் மகளுக்குச் சீதனமாகப் போவது இந்தக் கரையின் வழமை. அப்படிப் பார்த்தால் பெண்ணின் பெயரில் உறுதி இருக்கிற வயல் இங்கே ஏராளம். படிவத்தில் புருசனின் பெயர் இருக்கும். இன்னொரு பக்கம், யுத்தத்தில் புருசனை இழந்து, பதினைந்து இருபது வருசமாகத் தானே விதைத்து, தானே வெட்டு மெஷினுக்கு அலைந்து, தானே வியாபாரியோடு விலை பேசுகிற பெண்கள் இருக்கிறார்கள், பதிவில் இன்னும் மாமனாரின் பெயர்தான். முதலாவது வீட்டில் உரிமை பெண்ணிடம், தீர்மானம் வேறொருவரிடம். இரண்டாவதில் தீர்மானம் பெண்ணிடம், உரிமை வேறொருவரிடம். நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் காணியில் பெண்களின் உரிமையை அளக்கத் தனியாக ஒரு குறிகாட்டி உண்டு, 5.அ.1. "விவசாயி" என்ற ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு அதை இங்கே நிரப்பவே முடியாது.

சரி, விளைச்சலை அளப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கமக்காரரிடம் கேட்டால் மூடையில் சொல்வார். ஆனால் மூடை எத்தனை கிலோ என்பது ஊருக்கு ஊர், வியாபாரிக்கு வியாபாரி மாறும், ஈரம் வேறு. நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 வீத ஈரப்பதன், மெஷினிலிருந்து அப்படியே றோட்டில் கொட்டுகிற நெல் அதைவிட எவ்வளவோ கூடினது. அதனால்தான் பயிர் வெட்டு ஆய்வு என்ற முறை வந்தது: குலுக்கல் முறையில் வயலைத் தெரிந்து, அதற்குள் ஒரு சிறு துண்டைத் தெரிந்து, கயிறு கட்டி, வெட்டி, அடித்து, நிறுப்பது. வங்காளத்தில் மஹலனோபிஸ் இதைப் பெரிய அளவில் செய்தபோது சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டினார், சுகாத்மே என்ற இன்னொரு இந்தியப் புள்ளிவிபரவியலாளர், துண்டு சின்னதானால் விளைச்சல் கூடித் தெரியும் என்று காட்டினார். காரணத்தை நீங்கள் வயலிலேயே பார்க்கலாம். கயிறு சரியாக ஒரு நெற்குத்தின் மேலே போகிறது. பாதி உள்ளே, பாதி வெளியே. கதிர் உள்ளே சாய்ந்திருக்கிறது, வேர் வெளியே. வெட்டுகிறவரின் கை தன்னாலே அதையும் சேர்த்துக்கொள்ளும், ஒருவரும் களவு செய்யவில்லை, மனுசக் கை அப்படித்தான். துண்டு சின்னதானால் ஓரக் குத்துகளின் பங்கு கூடும், பிழையும் கூடும். வேர் உள்ளே இருந்தால் மட்டும் வெட்டு என்பதைப் பிடிவாதமாகப் பழக்க வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், வெட்டு மெஷின் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்குகிற நாளை மெஷின்காரர்தான் தீர்மானிக்கிறார். உத்தியோகத்தர் அடுத்த நாள் வருகிறேன் என்றால் அங்கே வயல் இருக்காது, வைக்கோல்தான் இருக்கும். எண்ணிக்கையைக் குறைத்தாவது, தெரிந்தெடுத்த வயல்களுக்கு மெஷினுக்கு முந்திப் போங்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்து வயலை வெட்டி எழுதுவது மட்டும் வேண்டாம்.

விதைத்த ஏக்கரும் வெட்டிய ஏக்கரும் இரண்டு தனி எண்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் எப்படி முழுகிக் கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரிலும் தண்ணீர் வயலை மூடியது. விதைத்த கணக்கோடு நிறுத்திக்கொண்டால் காகிதத்தில் நல்ல போகம்.

மாடு எண்ணுவது நாளைப் பொறுத்தது. பெரும்போகம் விதைத்தவுடன் பட்டிகள் மேற்கே மேய்ச்சல்தரைக்குப் போய்விடும், மயிலத்தமடு, மாதவனை பக்கம், அறுவடை முடிந்துதான் வயலுக்குத் திரும்பும். மாரியில் எண்ணினால் ஒரு பிரதேச செயலகத்தில் மாடு இல்லை, கோடையில் எண்ணினால் நிறைய. மேய்ச்சல்தரை எவ்வளவு தேவை என்று வாதாட வேண்டிய பட்டிக்காரருக்கு, எந்த மாதம் எங்கே எத்தனை மாடு என்பதுதான் அடிப்படைத் தரவு. வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை மாடு என்று கேட்டால் அது கிடைக்காது.

வாவியில் தொழில் செய்கிறவர்களையும் அப்படியே தவற விடுகிறோம். காலையில் தோணி, போகத்தில் கூலிக்கு வயல், மகள் மத்திய கிழக்கில். இவரை மீனவர் என்பதா, விவசாயி என்பதா? ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லாதீர்கள், வருமானம் வரும் வழிகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கையிருப்பு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் தடையை எடுத்தார்கள். 2021இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி 2022இல் 34 இலட்சத்துக்கு இறங்கியது. இந்த மொத்தம் எல்லாருக்கும் தெரியும். எந்த வீட்டில் சாப்பாட்டுக்கு வைத்த நெல் எந்த மாதம் முடிந்தது, யார் அடுத்த போகம் குத்தகைக்கே எடுக்கவில்லை என்பது அந்த மொத்தத்தில் இல்லை. 2024 டிசம்பரில் அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கும் நிலை வந்தபோதும் அடிப்படைக் கேள்வி, நெல் எவ்வளவு விளைந்தது என்பதோடு, இப்போது ஆலையில் எவ்வளவு, வீட்டில் எவ்வளவு கிடக்கிறது என்பதும்தான். அதை மாதம் ஒருமுறை கேட்க வேண்டும், வருசம் ஒருமுறை கேட்டால் வரலாறு எழுதத்தான் உதவும்.

கடைசியாக ஒரு வேலை கேட்கிறேன், புதுப் படிவம் அச்சடிக்கத் தேவையில்லாத வேலை. அடுத்த பெரும்போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி எல்லாம் முடிவு செய்வீர்கள்தானே. அதற்கு முன்னால் ஒவ்வொரு வட்டைக்கும் போன போகத்தின் மூன்று எண்களை வாசியுங்கள்: விதைத்தது எத்தனை ஏக்கர், வெட்டியது எத்தனை ஏக்கர், அதில் குத்தகைக்குச் செய்தது எத்தனை. பெயர் ஒன்றும் வேண்டாம், வட்டையின் கூட்டுத்தொகை மட்டும். பிழை இருந்தால் வட்டைக்குப் பொறுப்பான வட்டைவிதானை அந்த இடத்திலேயே எழும்பிச் சொல்வார். திருத்தியதைக் கூட்ட அறிக்கையில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, இரண்டையும் மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கிளைக்கு அனுப்புங்கள்.