வாட்ச்ல இருக்கிற காம்பஸ் ஏன் மாறி மாறிக் காட்டுது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. "என் வாட்ச்ல காம்பஸ் இருக்கு. ஒரே இடத்துல நின்னு பார்த்தாலும் காலையில ஒரு திசையை வடக்குங்குது, சாயங்காலம் வேற திசையைக் காட்டுது. நேரமும் திசையும் ஒரே கருவியில சரிப்பட்டு வராதா?"ன்னு கேட்டிருக்காங்க.

சரிப்பட்டு வரும். ஆனா ஆதியிலேர்ந்தே இது ரெண்டுக்கும் ஆகாது. சாவி கொடுக்கிற வாட்ச்சுக்குள்ள முடி மாதிரி மெல்லிசா ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதுல காந்தம் ஏறிட்டா சுற்றுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வாட்ச் வேகமா ஓடும். காம்பஸ் ஊசியே ஒரு காந்தம்தானே? வாட்ச்ல இருக்கிற இரும்பும் பதிலுக்கு அந்த ஊசியை இழுக்கும். 1978ல ஐடபிள்யூசிங்கிற சுவிஸ் வாட்ச் கம்பெனி, போர்ஷே டிசைன்ங்கிற வடிவமைப்பு நிறுவனத்தோட சேர்ந்து ஒரு காம்பஸ் வாட்ச் செஞ்சாங்க. வாட்ச்சை மூடி மாதிரித் தூக்கினா அடியில காம்பஸ். ஊசியை இழுக்கக் கூடாதுன்னு கூட்டை காந்தம் ஒட்டாத அலுமினியத்துல செஞ்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவமைப்பு அது.

இப்போ உங்க கையில இருக்கிறதுல ஊசி கிடையாது, காந்தப்புலத்தை அளக்கிற சென்சார்தான். பூமியோட காந்தப்புலம் ரொம்பப் பலவீனமானது, இடத்துக்கு ஏத்த மாதிரி சுமார் 25லேர்ந்து 65 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கிற அலகு). சென்சாருக்குச் சில மில்லிமீட்டர் தள்ளியே பேட்டரி, அதிர்வு மோட்டார் எல்லாம் இருக்கு. அதுல எது பூமியோட காந்தம், எது வாட்ச்சோடதுன்னு எப்படிப் பிரிக்கும்? நீங்க கையை எப்படித் திருப்பினாலும் வாட்ச்சோட சொந்தக் காந்தம் கூடவே திரும்பும், பூமியோடது திரும்பாது. காலிபரேஷன், அதாவது சென்சாரைச் சரிப்படுத்துற வேலை, பண்ணும்போது காற்றுல எட்டு போடச் சொல்றது இதுக்குத்தான். கூடவே வர்ற பங்கைக் கண்டுபிடிச்சுக் கழிச்சிடும்.

அப்புறம் ஸ்பீக்கர், காந்த சார்ஜர் பக்கத்துல வச்சு எடுத்தீங்கன்னா அந்தக் கணக்கு மாறிடலாம், திரும்ப எட்டு போடணும். காந்தத்தால ஒட்டிக்கிற ஸ்ட்ராப் போட்டிருந்தா அதை முதல்ல மாத்துங்க, பெரும்பாலும் அதுதான் காரணம். கார்லயோ கம்பி கட்டின கான்கிரீட்டுக்குள்ளயோ நின்னு பார்த்தா எந்தக் காலிபரேஷனும் உதவாது, வெளியே வந்து பாருங்க. காந்த வடக்கும் வரைபட வடக்கும் ஒண்ணு இல்ல. அந்த ரெண்டுக்கும் உள்ள கோண வித்தியாசத்துக்கு டெக்ளினேஷன்னு பேரு. அது செட்டிங்ஸ்ல இருக்கும், உங்க ஊருக்கு உண்டான அளவைப் போட்டுக்கோங்க.

ஜிபிஎஸ் இருக்கேன்னு கேப்பீங்க. அது காட்டுற திசை நீங்க நடந்து போற திசை, நின்னுட்டா அதுக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தா முள் வாட்ச்சை வச்சே சரிபார்க்கலாம். சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேரா பிடிங்க. அந்த முள்ளுக்கும் 12க்கும் நடுவுல இருக்கிற சின்னக் கோணத்தோட பாதி, வட அரைக்கோளத்துல தெற்கு. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, சின்ன முள் 30 டிகிரி நகருது, அதனாலதான் பாதி. காலை 6க்கு முன்னாடியும் சாயங்காலம் 6க்குப் பின்னாடியும் இது ஒத்து வராது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல, சூரியன் உச்சிக்கு வர்ற ஊர்கள்ல, இதை நம்பவே நம்பாதீங்க, பிழை ரொம்பப் பெரிசா வரும்.