ஓடைக்கரையில் குரல் கேட்கிறது, பறவையைக் காணோமே?

அடுத்த கேள்வி. ஒருவர் மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாறு ஓடைக்கரையில் காலையில் நடந்தாராம், மரத்துக்கு மரம் குரல் கேட்டதாம், கண்ணில் ஒன்றும் படவில்லையாம். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டால் வருமா என்று கேட்கிறார்.

வரும். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று பதறித்தான் அது வருகிறது, கூட்டில் குஞ்சு இருந்தாலும் விட்டுவிட்டு வந்து இல்லாத எதிரியைத் தேடி அலையும். மெர்லின் செயலியில் குரலைப் பதிவு செய்து என்ன பறவை என்று பார்ப்பது வேறு, அதைத் தாராளமாகச் செய்யலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? நடையைக் குறையுங்கள். ஓடை வளைவது தெரிகிற மாதிரி பாதையோரம் ஓர் இடம் பார்த்து அரை மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். முதலில் தண்ணீருக்கு நடுவே இருக்கும் பாறைகளைப் பாருங்கள். குளிர்காலம் என்றால் சாம்பல் வாலாட்டி இருக்கும், முதுகு சாம்பல், அடிவயிறு மஞ்சள், நிற்கும்போதும் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிற விருந்தாளி. அப்புறம் தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள், அங்கேதான் பெரிய அலகு மீன்கொத்தி சிவப்பு அலகோடு வெகுநேரம் உட்கார்ந்திருக்கும். கரையோரம் சருகு புரளும் சத்தம் கேட்டால் மேலே பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். ஆறுமணிக்குருவி அலகால் இலையைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருக்கலாம், பச்சை முதுகு, வாலடியில் நல்ல சிவப்பு. அதைப் பார்த்த நாளில் வேறொன்றும் கிடைக்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

காட்டில் பல இனங்கள் சேர்ந்து கூட்டமாக இரை தேடும். பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று துடுப்புவால் கரிச்சான், மின்சிட்டு, அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நீங்கள் பைனாகுலரைச் சரிசெய்வதற்குள் கடந்துவிடும். வேகமாக நடக்கிறவர்கள் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், கல்லாறு யானை வழித்தடம். ஓடை இரைச்சலில் யானை பக்கத்தில் வந்தாலும் கேட்காது. அதனால் வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகவோ ஓடையில் இறங்கவோ வேண்டாம், இடம் தெரிந்த உள்ளூர்க்காரரோடு போங்கள், வழியில் ஈரம் காயாத யானைச் சாணம் கிடந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.