இறங்காத காய்ச்சலும் சிவந்த தழும்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

7 மாதக் கைக்குழந்தை. 6 நாளாகக் காய்ச்சல் 103 டிகிரியை விட்டு இறங்கவில்லை. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்ததால் சிறுநீர்த் தொற்று என்றே எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு (கல்ச்சர்) அனுப்பியதில் கிருமி எதுவும் வளரவில்லை. அன்று காலை தாய், "டாக்டர், பொறந்தப்ப போட்ட ஊசித் தழும்பு திடீர்னு செவந்திருக்கு பாருங்க" என்று குழந்தையின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். இடது தோளில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசளவு சிவந்து தடித்திருந்தது. உடனே இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிக்கும் எக்கோ எடுத்தோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனி வீங்கத் தொடங்கியிருந்தது.

அது கவாசாகி நோய். 1961-இல் டோக்கியோவில் இதை முதலில் கவனித்த குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகியின் பெயரால் அழைக்கிறோம். எதனால் என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, ஆனால் ரத்தக் குழாய்ச் சுவர் அழற்சியால் புண்படுகிறது. விடாத காய்ச்சலோடு பீளை தள்ளாத சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி என்று எல்லாம் சேர்ந்து வந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் பல சமயம் இவற்றில் ஒன்றிரண்டுதான் தெரியும். தமனி பாதிப்போ அவர்களுக்குத்தான் அதிகம். என்னை உறுத்துவது இதுதான்.

இந்த நோயில் சில குழந்தைகள் ரத்த அழுத்தம் சரிந்து, கை கால் ஜில்லிட்டு ஐசியூவுக்கு வருவார்கள். வழக்கமாக இரண்டாம் வாரத்தில் ஏற வேண்டிய தட்டணுக்கள், இவர்களுக்குக் குறைந்திருக்கும். நம் ஊரில் எவருக்கும் முதலில் டெங்குதான் தோன்றும், இல்லையென்றால் ரத்தத்தில் கிருமி பரவிவிட்டதென்று தோன்றும். ஆன்டிபயாடிக்குக்கு அசையாத காய்ச்சல் என்றால் எக்கோ எடுத்துப் பார்க்கத் தயங்கக் கூடாது.

காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் எடைக்கேற்ப, கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை நரம்பு வழியே ஏற்ற வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் 4 குழந்தைகளில் ஒருவருக்குத் தமனி பாதிக்கும். உரிய காலத்தில் கொடுத்தால் 100-க்கு 5 பேர் அளவுக்குக் குறைகிறது. ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் வருபவர்களுக்கு ஸ்டீராய்டும் தேவைப்படலாம். அந்தக் குழந்தைக்கு மருந்து ஏறிய மறுநாள் காய்ச்சல் விட்டது. தமனி பழைய அளவுக்குத் திரும்ப 8 மாதமாயிற்று.

கண் சிவந்து உடம்பு தடித்தால் அம்மை என்று வேப்பிலை செருகி வீட்டிலேயே வைத்திருக்கும் தாய்மார்களே, அந்த நாள்கள் விலைமதிக்க முடியாதவை. தடிப்பு இன்று வரும், நாளை மறையும். கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.