பல்லைப் பொடிப்பதில் இருக்கிறது விஷயம்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றின் டிஎன்ஏ பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரிப் பக்கம் குடியிருக்கிறேன். டிஎன்ஏ என்றாலே எல்லாரும் என்னிடம் கேட்பது கடைசியில் வரும் கருவியைப் பற்றித்தான். கணினித் திரையில் ஏற்ற இறக்கமாகக் கோடு போட்டுக் காட்டுமே, அதை வைத்து இவர் இன்னாருடைய மகன் என்று சொல்லிவிடுகிறார்களே, அந்தக் கருவி. விலை உயர்ந்த கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் எதை ஊற்றுகிறோமோ அதைத்தான் அது படிக்கும். ஆய்வகத்துக்குப் பல் ஒன்று வந்தால், கேஸ் நிற்குமா நிற்காதா என்பது அதற்கு வெகு முன்னாலேயே, பல்லைச் சுத்தம் செய்து பொடியாக்கும் மேசையில் முடிவாகிவிடுகிறது. இன்றைக்கு அந்த மேசையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில், பல் எதற்கு? நம் உடலில் பல்லின் மேல்பூச்சான எனாமலைவிடக் கடினமான பொருள் வேறு இல்லை. அதன் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்புதான். அதில் உயிரணு கிடையாது, எனவே டிஎன்ஏவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் வேலை காவல். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது: நடுவிலுள்ள கூழில், அதைச் சுற்றிய டென்டின் என்ற கெட்டிப் பகுதியில், வேரைப் போர்த்தியிருக்கும் சிமெண்டம் என்ற மெல்லிய படலத்தில். ஆள் இறந்து நாளாகிவிட்டால் கூழ் அழிந்துபோகும். அப்போது கைகொடுப்பது வேர்தான். கடைவாய்ப் பல் கிடைத்தால் எங்களுக்குச் சந்தோஷம். பெரிய பல், இரண்டு மூன்று வேர், கன்னமும் நாக்கும் மூடிக் காக்கிற இடம். சொத்தை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

தீ விபத்திலும் கடைவாய்ப் பல்தான் கடைசிவரை தாங்கும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது நம் யாருக்கும் மறக்காது. அன்று இறந்தவர்களை அடையாளம் காண டிஎன்ஏ சோதனை தேவைப்பட்டது. ஆனால் பல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. கருகிய பல்லில் சில சமயம் கிடைக்கும். எரிந்து வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்ட பல்லில் தேடுவது வீண்.

மண்ணையும் சொல்ல வேண்டும். குளிர் டிஎன்ஏவுக்கு நல்லது, அந்த வகையில் நம் மலை பாதுகாப்பான இடம். ஆனால் தேயிலைக்கு அமில மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. அமிலம் மிஞ்சாமலிருக்கத் தோட்டத்துக்கு டோலமைட் போடுகிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அமிலமும் மழையும் சேர்ந்து எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். எலும்பு கரைந்த இடத்திலும் சில வேளை பல் மிஞ்சும். மலைப்பகுதியிலிருந்து வரும் பார்சலில் பல் இருந்தால் அதை முதலில் எடுப்பது அதனால்தான்.

சரி, மேசைக்கு வருவோம். அங்கே எங்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று அடுத்தவருடைய டிஎன்ஏ, இன்னொன்று சூடு.

ஒரு மனித உயிரணுவில் இருக்கும் டிஎன்ஏ ஏறக்குறைய 6 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். ஆள் அடையாளச் சோதனைக்கு ஒரு நானோகிராம், அதாவது ஆயிரம் பிகோகிராம் போதும். ஏறக்குறைய 160 உயிரணுக்கள் அளவு. இவ்வளவு குறைவே போதும் என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. மேசைக்கு முன்னால் நின்று ஒருவர் தும்மினால் அந்த 160 அவரிடமிருந்தே போய் விழுந்துவிடும். அதனால்தான் முகக்கவசம், தலையுறை, இரட்டைக் கையுறை எல்லாம். ஆய்வகத்தில் வேலை செய்கிற எல்லாருடைய டிஎன்ஏ விவரமும் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள், முடிவில் எங்கள் ஆளே வந்து நின்றால் தெரிய வேண்டுமல்லவா?

பல் வந்ததும் படம் எடுத்து, எடை பார்த்து, எக்ஸ்ரே எடுப்பார்கள். பல்லைப் பார்த்து வயது கணிக்க வேண்டுமென்றால் அதுவும் அப்போதே. பொடியான பிறகு எந்த நிபுணராலும் எதையும் பார்க்க முடியாது. பிறகு சிறு சுழல் கருவியால் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச் கரைசலில் சற்று நேரம் போட்டு, சுத்த நீரில் பலமுறை அலசி, எத்தனாலில் நனைத்து உலர்த்தி, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைப்பார்கள். 254 நானோமீட்டர் அலைநீளம். ஒளி பட்ட பக்கம் மட்டும்தான் சுத்தமாகும், ஆகவே திருப்பிப் போட்டு மறுபக்கமும் காட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

அப்புறம் வெட்டு. தலைப்பகுதியும் வேரும் சேரும் கழுத்தில் வைரத்தூள் பதித்த வட்டத் தகட்டால் வெட்டி வேரைத் தனியாக எடுப்பது ஒரு முறை. பல் மருத்துவர் குடையும்போது கூடவே தண்ணீர் பீய்ச்சும், கவனித்திருப்பீர்கள். சூட்டைத் தணிக்கத்தான் அந்தத் தண்ணீர். எங்களால் அது முடியாது, தேடுகிற பொருளே கழுவிக்கொண்டு போய்விடும். எனவே வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வெட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

வெட்டிய வேரை அரைக்க வேண்டும். மிக்ஸியில் இட்லிக்கு அரைத்தால் மாவு சூடாகிவிடும் என்று வீட்டில் கிரைண்டரைத் தேடுவார்களே, அதே தொல்லைதான் இங்கும். ஏற்கெனவே நைந்து துண்டுதுண்டாகக் கிடக்கும் டிஎன்ஏ சூட்டில் இன்னும் நொறுங்கும். இதற்கென்று ஓர் இயந்திரம் இருக்கிறது. ஆய்வகத்தில் ஃப்ரீசர் மில் என்றுதான் சொல்வோம். அது ஓடுவது திரவ நைட்ரஜனில்.

திரவ நைட்ரஜன் நம் ஊருக்குப் புதிதில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கேனைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை எழும்புமே, அதே சமாசாரம்தான். மைனஸ் 196 டிகிரி. அந்தக் கேனின் மூடி இறுக்கமாகப் பொருந்தாது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு ஆகும், இறுக்கி மூடினால் வெடித்துவிடும். சின்ன அறைக்குள் கொட்டிவிட்டால் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் துரத்திவிடும். வாசனை கிடையாது, இருமல் வராது, ஆள் பேசாமல் மயங்கி விழுவார். அரைவை அறையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் மீட்டர் வைப்பதும் காற்றோட்டம் வைப்பதும் அதற்காகத்தான். குளிருக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்காருகிற நம் பழக்கம் அந்த அறைக்கு ஆகாது.

இயந்திரத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒரு சிறு குழாய், இரண்டு முனையிலும் எஃகு அடைப்பு, உள்ளே எதிலும் பொருத்தாமல் கிடக்கும் ஓர் எஃகுத் தண்டு. வேர்த்துண்டைப் போட்டு மூடி, மின்சுருளுக்கு நடுவில் வைத்து நைட்ரஜனில் முக்குவார்கள். பத்து நிமிடம் போலக் குளிர்ந்தால் பல் கண்ணாடியாக நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அப்போது மின்சாரம் கொடுத்தால் காந்தப் புலம் திசை மாறி மாறித் தண்டை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் விரட்டும். இரண்டு நிமிடம் அடி, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படிச் சில சுற்று. அடியில் எழும் சூட்டை நைட்ரஜன் வாங்கிக்கொள்ளத்தான் ஓய்வு. பிளேடு இல்லை, வெளியிலிருந்து உள்ளே போகும் அச்சு இல்லை, குழாய் முழுக்க மூடியே இருக்கிறது. பொடி வெளியே பறக்காது, வெளித்தூசி உள்ளே போகாது. இரண்டு எதிரிக்கும் ஒரே பெட்டியில் பதில்.

நிறைய அரைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பொடி நைசானால் கரைசல் நன்றாக ஊறும், உண்மைதான். ஆனால் அளவுக்கு மிஞ்சி அடித்தால் டிஎன்ஏவும் சேர்ந்து நொறுங்கும். இன்னொன்று, குழாயைக் குளிரோடு திறக்கக் கூடாது. காற்றிலுள்ள ஈரம் பொடிமேல் பனியாகப் படிந்து கட்டி தட்டிவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இயந்திரம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. எஃகு உரலையும் குழவியையும் திரவ நைட்ரஜனில் குளிரவைத்துக் கையால் இடித்தே எத்தனையோ வேலை நடந்திருக்கிறது. திறந்த உரலில் எனக்குப் பிடிக்காதது துண்டு தெறிப்பதுதான். தரையில் தேடி எடுத்த துண்டை அப்புறம் சாட்சி என்று எப்படிச் சொல்வது?

ஒரு பல் முடிந்து அடுத்த பல்லுக்குப் போகும் முன் குழாயையும் தண்டையும் கழுவுவதைத்தான் நான் உயிரான வேலை என்பேன். ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் வேகவைத்தால் கிருமி சாகும், டிஎன்ஏ துண்டுகள் மிஞ்சலாம். ப்ளீச் அவற்றை அழிக்கும், ஆனால் எஃகை அரிக்கும். எனவே ப்ளீச்சில் போட்டு, உடனே நன்றாக அலசி, உலர்த்தி, புற ஊதாவில் வைக்க வேண்டும். கழுவியது சரிதானா என்று எப்படித் தெரியும்? பல்லே போடாத வெறும் குழாய் ஒன்றையும் எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டு போவோம். முடிவில் அதில் யாருடைய டிஎன்ஏவாவது தெரிந்தால், பக்கத்துக் குழாயின் முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்ப முடியாது.

இதற்கு மேல் சுருக்கமாகச் சொல்கிறேன். பொடியை ஈ.டி.டி.ஏ. கரைசலில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். புரோட்டீனேஸ் கே என்ற நொதி 56 டிகிரியில் இரவு முழுக்கப் புரதத்தைச் செரிக்கும். மிஞ்சுவதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் பெருக்கிப் படிப்பார்கள். பொடியில் கொஞ்சத்தை எடுத்து வைப்பது நல்ல வழக்கம். மறுசோதனை எப்போது வேண்டியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இறந்த ஒரு குழந்தை, பெயர் தெரியாமல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் புதைக்கப்பட்டது. 2001இல் தோண்டியபோது ஈரமண்ணில் கிடைத்தவை ஒரு சிறு எலும்புத் துண்டும் மூன்று பற்களும்தான். பின்லாந்துக் குழந்தை என்று 2002இல் அறிவித்தார்கள். மேலும் சோதித்த பிறகு, 2007இல், 19 மாத ஆங்கிலேயக் குழந்தை சிட்னி குட்வின் என்று திருத்தினார்கள். பல் பொய் சொல்லவில்லை. முதலில் ஒப்பிட்டது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் தாய்வழி டிஎன்ஏவின் ஒரு சிறு பகுதியைத்தான், அது இரண்டு குழந்தைகளுக்கும் ஒன்றாகவே இருந்துவிட்டது.

2024 ஜூலை 30 அன்று நம் பந்தலூருக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வயநாட்டில், முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலச்சரிவு வந்ததே, உடல் பாகங்களைச் சாலியாறு நிலம்பூர் வரை கொண்டுபோனது. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் எண் போட்டுப் புதைத்தார்கள். டிஎன்ஏ ஒப்பிட உறவினர்கள் இரத்தம் கொடுத்த பிறகுதான் எண்கள் பெயர்களாகத் தொடங்கின. மலையில் வாழ்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எஸ்டேட்டிலோ சோலை ஓரத்திலோ தாடையோ பல்லோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். காட்டுப்பன்றியின் பல்லாகவே இருந்தாலும் பரவாயில்லை, அதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். எடுத்து அனுப்புகிறவர்களுக்கு: காய்ந்த காகித உறை போதும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு முறை ஓர் இடத்திலிருந்து பல்லை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, அக்கறையாக மெழுகு வைத்து மூடி அனுப்பியிருந்தார்கள். கெட்டுப்போகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஃபார்மலின் போல டிஎன்ஏவைக் கெடுப்பது கொஞ்சம்தான் உண்டு, அந்தப் பல்லிலிருந்து எங்களுக்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை.

வீட்டில் யாராவது காணாமல் போயிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரி முதலில் உதவும். தாய்வழி டிஎன்ஏ என்றால் உடன்பிறந்தவர்களும் தாயின் சகோதரிகளும் கொடுக்கலாம். காணாமல் போனவரின் பல் துலக்கும் பிரஷ், சீப்பு இருந்தால் அப்படியே எடுத்து வையுங்கள். பால்பல்லைக் கூரைமேல் எறிவதுதான் நம் வழக்கம், ஆனால் சில தாய்மார்கள் அதை டப்பியில் போட்டு வைத்திருப்பார்கள். பிடுங்கிய ஞானப்பல்லைச் சிலர் வீட்டுக்குக் கொண்டு வருவதும் உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். அது அவருடைய சொந்த டிஎன்ஏ, உறவினர் வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை.

வணக்கம்.