409 வெற்றிகளும் ஒரு வார இறுதியும்

[திரையில்: பீவர் ஸ்டேடியம், பென்சில்வேனியா. ஒரு லட்சம் பேர் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறார்கள்.]

தடித்த கண்ணாடி, வெள்ளைக் காலுறை தெரிய மடித்துவிட்ட பேன்ட், கறுப்பு ஷூ. மைதான ஓரத்தில் நடந்துகொண்டிருக்கும் இந்த மனிதர்தான் ஜோ பட்டெர்னோ. பென் ஸ்டேட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு 1966 முதல் 2011 வரை தலைமைப் பயிற்சியாளர். நமக்குப் பழக்கமான கால்பந்து அல்ல இது. பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். இரண்டு தேசிய சாம்பியன் பட்டங்கள், 409 வெற்றிகள். அந்நாட்டுக் கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டப் பிரிவில் வேறு எந்தப் பயிற்சியாளரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

ஆனால் ஊர் அவரைக் கொண்டாடியது வெற்றிக்காக மட்டும் அல்ல. அவர் ஆங்கில இலக்கியம் படித்தவர். படிப்பைக் கைவிடாமலே ஆட்டத்தில் வெல்லலாம் என்று விடாமல் சொல்லிவந்தவர். அவரது அணியின் சட்டைகளில் ஆட்டக்காரர்களின் பெயர் இருக்காது. அவரும் மனைவியும் பல்கலைக்கழகத்துக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தார்கள். அதனால் அங்கே பட்டெர்னோ பெயரில் இருப்பது நூலகம். ஒரு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு இது அபூர்வம்.

[திரையில்: 2001, பிப்ரவரி. வெள்ளிக்கிழமை இரவு.]

அணியின் கட்டடத்துக் குளியலறையில் ஒரு சிறுவனுடன் ஜெரி சாண்டஸ்கியைத் தகாத நிலையில் பார்த்ததாக, இளம் உதவிப் பயிற்சியாளர் மைக் மெக்வியரி மறுநாள் காலை பட்டெர்னோவின் வீட்டுக்கே போய்ச் சொன்னார். சாண்டஸ்கி சாதாரண ஆள் அல்ல. பல ஆண்டுகள் பட்டெர்னோவின் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதரவற்ற சிறுவர்களுக்காகத் தொண்டு நிறுவனம் நடத்தியவர். தனக்கு இரையானவர்களை அங்கிருந்துதான் அவர் தேடிக்கொண்டார்.

பட்டெர்னோ இதை விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. ஏன் உடனே சொல்லவில்லை? கர்லி முதலானோரின் வார இறுதியைக் கெடுக்க விரும்பவில்லை என்று பத்து ஆண்டுகள் கழித்து நடுவர் குழுவிடம் அவரே சாட்சியம் அளித்தார். இந்த விவகாரத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன; என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு பதில் அவற்றையெல்லாம்விடக் கனமானது.

பிறகு நடந்தது மின்னஞ்சல்களில் பதிவாகியிருக்கிறது. குழந்தைகள் நலத் துறைக்குத் தகவல் தருவதாக முதலில் ஒரு திட்டம் இருந்தது. சில நாட்களில் கர்லி எழுதுகிறார்: ஜோவுடன் பேசிய பிறகு அந்தத் திட்டம் சரியாகப் படவில்லை, சாண்டஸ்கியிடமே நேரில் பேசிவிடலாம். அந்தப் பேச்சில் பட்டெர்னோ என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு இல்லை. போலீசுக்கு யாரும் போகவில்லை. சாண்டஸ்கி கைதாக 2011 நவம்பர் ஆனது. 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகி, குறைந்தது 30 ஆண்டுச் சிறை.

"மேலதிகாரியிடம் சொன்னார், அதோடு அவர் கடமை முடிந்தது" என்பது ஆதரவாளர்களின் வாதம். சட்டப்படி அதில் பொருள் உண்டு. அவர்மீது வழக்கும் போடப்படவில்லை. ஆனால் 2004-இல் நடந்ததைப் பாருங்கள். அணி தோற்றுக்கொண்டிருந்த காலம். இதே கர்லியும் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரும் பட்டெர்னோவின் வீட்டுக்குப் போய், ஓய்வு பெறுங்கள் என்று கேட்டார்கள். அவர் மறுத்தார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மேலதிகாரி யார், கீழே இருப்பவர் யார் என்று அந்தச் சமையலறை மேஜைக்கே தெரிந்திருக்கும்.

[திரையில்: 2011 நவம்பர் 9, இரவு. கவிழ்ந்து கிடக்கும் தொலைக்காட்சி வேன்.]

"இன்னும் கூடுதலாகச் செய்திருக்க வேண்டும்" என்று அறிக்கை விட்ட அதே நாளில் அவர் தொலைபேசியிலேயே நீக்கப்பட்டார். மாணவர்கள் தெருவில் இறங்கிக் கலவரம் செய்தார்கள், பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக அல்ல, பயிற்சியாளருக்காக. 2012 ஜனவரியில் அவர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அந்த ஊர்ச் சுவரோவியத்தில் அவர் தலைக்கு மேல் ஓர் ஒளிவட்டம் வரையப்பட்டது. ஜூலையில் முன்னாள் எஃப்பிஐ இயக்குநர் லூயி ஃப்ரீயின் விசாரணை அறிக்கை, பட்டெர்னோவும் சேர்ந்தே உண்மையை மறைத்ததாகச் சொன்னது. ஓவியரே ஒளிவட்டத்தை அழித்தார். ஸ்டேடியத்தின் வாசலில் நின்ற வெண்கலச் சிலையும் அகற்றப்பட்டது. அறிக்கையின் முடிவுகளை அவரது குடும்பம் இன்றுவரை ஏற்கவில்லை.

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ இன்னொன்று செய்தது: 1998 முதல் பட்டெர்னோ பெற்ற 111 வெற்றிகளை ஏட்டிலிருந்து நீக்கியது. இதைவிட அர்த்தமற்ற தண்டனையை நான் பார்த்ததில்லை. ஆடிய ஆட்டம் ஆடியதுதான். குழந்தைகளைப் பற்றி நடந்திருக்க வேண்டிய வாக்குவாதம் ஓர் எண்ணைப் பற்றியதாக மாறியது. 2015-இல் வெற்றிகள் திரும்பக் கிடைத்தபோது, மானமே மீண்டுவிட்டதுபோல ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

மற்ற இடங்களில் ஆளுக்கொரு கணக்கு. நைக்கி நிறுவனம் தன் வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது. நூலகத்தில் பெயர் அப்படியே இருக்கிறது. பல்கலைக்கழக ஐஸ்கிரீம் கடை சாண்டஸ்கி பெயர் கொண்ட வகையை நிறுத்தியது. பட்டெர்னோ பெயரிலான பீச் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டது.

உருப்படியாக மாறியது சட்டம். பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்ற சந்தேகத்தைத் தங்கள் மேலதிகாரியிடம் சொன்னால் போதும் என்றிருந்த விதியைப் பென்சில்வேனியா 2014-இல் திருத்தியது. இப்போது அவர்களே நேரடியாக அரசுக்குப் புகார் தர வேண்டும். மேலதிகாரிக்குச் சொல்வது அதற்குப் பிறகுதான்.